பூண்டு வாடையின் வரலாறு: டைமெதில் செலினைடு குறித்து

பழந்தமிழில் நாற்றம் என்ற சொல்லுக்கு நறுமணம் என்ற பொருள் இருந்தது. சங்கப் பாடல்களில் பூக்கள் நாறும், சந்தனம் நாறும், காதலியின் கூந்தலும் நாறும். இன்று ஒருவரிடம் உங்கள் கூந்தல் நாறுகிறது என்று சொல்லிவிட்டு உறவைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. ஒரு சொல் இத்தனை தூரம் நகர்ந்துபோனதற்கு மொழியறிஞர்கள் தக்க காரணம் சொல்லக்கூடும். எனக்குத் தோன்றுவது, மூக்கு கொண்டுவரும் செய்தியை நாம் உடனடியாகத் தீர்ப்பாக மாற்றிவிடுகிறோம் என்பதுதான். கண்ணால் கண்டதை விசாரிக்கிறோம், காதால் கேட்டதைத் தீர விசாரிக்கிறோம். மூக்கில் ஏறியதை மட்டும் விசாரிப்பதில்லை. பிடித்தால் நெருங்குகிறோம், பிடிக்காவிட்டால் விலகுகிறோம்.

விசாரணையின்றித் தீர்ப்பு வழங்கப்பட்ட ஒரு வாடையைப் பற்றியது இக்கட்டுரை. அந்த வாடைக்குரிய பொருளின் பெயர் டைமெதில் செலினைடு. செலினியம் என்ற தனிமத்தின் ஓர் அணுவும், அதன் இருபுறமும் கைகோத்து நிற்கும் இரண்டு மெத்தில் தொகுதிகளும் சேர்ந்தது. நிறமற்ற நீர்மம். ஏறத்தாழ 57 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும் என்பதால் திறந்து வைத்தால் விரைவிலேயே ஆவியாகும். தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான எடை கொண்டது. தண்ணீரோடு எளிதில் கலக்காது. அழுகிய பூண்டை நினைவூட்டும் அதன் வாடையை மிகச் சிறிய அளவிலேயே மூக்கு கண்டுகொள்ளும். வேதியியல் பாடநூல்களில் இதற்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். ஆனால் இதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஸ்வீடனின் அமிலத் தொழிற்சாலையிலிருந்து கலிபோர்னியாவின் பறவைச் சரணாலயம் வரை போய்ச்சேர வேண்டியிருக்கிறது.

*

1817ஆம் ஆண்டு ஸ்வீடனில் கிரிப்ஸ்ஹோல்ம் என்ற இடத்திலிருந்த கந்தக அமிலத் தொழிற்சாலை ஒன்றில் யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ் பங்குதாரராக இருந்தார். அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த வேதியியலாளர்களுள் அவர் ஒருவர். ஃபாலூன் சுரங்கத்திலிருந்து வந்த கந்தகத்தை எரித்து அமிலம் தயாரிக்கும்போதெல்லாம் ஈய அறைகளின் அடியில் சிவப்பு நிறமான வண்டல் ஒன்று படிந்தது. தொழிற்சாலையின் முந்தைய உரிமையாளர் அதை ஆர்சனிக் என்று எண்ணி, ஃபாலூன் கந்தகத்தையே தவிர்த்துவிட்டிருந்தார். பெர்சீலியஸும் அவருடைய நண்பர் யோஹான் காட்லீப் கானும் அந்த வண்டலை ஆராய்ந்தார்கள். அதைத் தீயில் காட்டியபோது காரமான முள்ளங்கியின் வாடை எழுந்தது. அந்த வாடை டெலூரியத்துக்கு உரியது என்பது அக்காலத்து நூல்களின் கருத்து. ஆகவே இது டெலூரியம்தான் என்று இருவரும் முதலில் முடிவுகட்டினார்கள்.

மூக்கின் தீர்ப்பு இங்கே முதன்முறையாகத் தவறியது. ஃபாலூன் சுரங்கத்துத் தாதுக்களில் டெலூரியம் இருப்பதற்கான தடயமே இல்லை என்பது பெர்சீலியஸை உறுத்திக்கொண்டிருந்தது. 1818இன் தொடக்கத்தில் மீண்டும் ஆராய்ந்தபோது அது அதுவரை யாரும் அறியாத புதிய தனிமம் என்று தெரிந்தது. டெலூரியத்தின் பெயர் நிலமகளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் உடன்பிறப்பு போலிருந்த புதியதற்கு நிலவின் கிரேக்கப் பெயரான செலினியைத் தழுவிச் செலினியம் என்று அவர் பெயரிட்டார். தனிம வரிசை அட்டவணை பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த உறவுமுறையை அவர் சரியாக உணர்ந்திருந்தார். கந்தகம், செலினியம், டெலூரியம் ஆகிய மூன்றும் அட்டவணையில் ஒரே நிரலில் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கின்றன. மூன்றுமே கரிமச் சேர்மங்களாகும்போது துர்நாற்றத்துக்குப் பேர்போனவை.

புதிய தனிமத்தின் ஒவ்வொரு சேர்மத்தையும் நுகர்ந்து, சுவைத்துப் பதிவுசெய்வது அன்றைய வழக்கம். ஹைட்ரஜன் செலினைடு வாயுவின் மணத்தை அறிய விரும்பிய பெர்சீலியஸ், பட்டாணியளவே இருக்கும் ஒரு குமிழியை மூக்கினுள் விட்டுக்கொண்டார். அடுத்த சில மணி நேரத்துக்கு அவருடைய மோப்ப உணர்வு அறவே போய்விட்டது. கடுமையான அம்மோனியாவை மூக்கின்கீழ் பிடித்தபோதும் எதுவும் தெரியவில்லை. மோப்பம் திரும்பிய பிறகும் கடும் நீர்க்கோவை அவரை இரண்டு வாரம்வரை வருத்தியது. செலினியத்தின் வரலாற்றில் இந்தச் சிறு நிகழ்ச்சியை நான் மறக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. உண்மையிலேயே கொல்லக்கூடிய செலினியச் சேர்மம் ஒன்று, எச்சரிக்கும் உறுப்பையே முதலில் செயலிழக்கச் செய்துவிட்டது. வாடையின் அளவுக்கும் ஆபத்தின் அளவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

*

கரிம அணுக்களோடு செலினியம் சேர்ந்த முதல் பொருளான டைஎத்தில் செலினைடை 1836இல் கார்ல் லோவிக் தயாரித்தார். அதற்குப் பிறகான நூறாண்டுகளில் இத்துறையில் நுழைந்தவர்கள் குறைவு. காரணம் வெளிப்படையானது. இச்சேர்மங்களோடு பழகியவரின் ஆடையிலும் தலைமுடியிலும் வாடை ஏறிவிடும். கின்னஸ் புத்தகம் உலகின் மிகக் கொடிய நாற்றங்களுக்கான போட்டியாளர்களாக ஒரு கந்தகச் சேர்மத்தையும் பியூட்டைல் செலினோமெர்காப்டன் என்ற செலினியச் சேர்மத்தையும் பல பதிப்புகளில் குறிப்பிட்டு வந்தது. டைமெதில் செலினைடு அந்த அளவுக்குக் கொடியதன்று. பங்காளிகளின் கெட்ட பெயரில் அதற்கும் ஒரு பங்கு கிடைத்தது என்று சொல்லலாம்.

இதற்கிடையே மருத்துவர்களும் உடலியலாளர்களும் வேறொரு திசையிலிருந்து இதே வாடையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். 1824இல் ஜெர்மனியின் டியூபிங்கனைச் சேர்ந்த கிறிஸ்டியன் காட்லோப் க்மெலின், டெலூரியச் சேர்மம் கொடுக்கப்பட்ட விலங்குகளின் மூச்சில் பூண்டு மணப்பதைக் குறித்துவைத்தார். பூண்டையே காணாத விலங்கின் மூச்சில் பூண்டு எப்படி வந்தது? எழுபது ஆண்டுகள் கழித்து 1894இல் பிராகிலிருந்த ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர் இதற்கு விடை சொன்னார். விலங்கின் உடல் தனக்குள் வந்த டெலூரியத்தோடு இரண்டு மெத்தில் தொகுதிகளைச் சேர்த்து, அதை ஆவியாகும் பொருளாக மாற்றி மூச்சுவழியே வெளியேற்றுகிறது. செலினியத்துக்கும் இதுவே நடக்கிறது என்று அவர் கருதினார். உயிருள்ள உடல் ஒரு வேதிக்கூடம் போல மெத்தில் தொகுதியை ஒட்டவைக்கும் என்பது அன்று புதிய செய்தி. இன்று மரபணுவின் செயல்பாட்டிலிருந்து நரம்புச் செய்திகள் வரை மெத்திலேற்றம் பேசப்படாத துறையில்லை. அந்தப் பெரிய கதையின் தொடக்க வரிகளுள் ஒன்று ஒரு விலங்கின் மூச்சு வாடையில் எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாவது திசை சுவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் வீடுகளில் பச்சை வண்ணச் சுவர்த்தாள் ஒட்டும் மோகம் இருந்தது. அந்தப் பச்சைக்கு ஆர்சனிக் நிறமிகள் பயன்பட்டன. ஈரம் ஏறிய அறைகளில் பூண்டு வாடை எழும். அங்கே வசித்தவர்கள் நோயுற்றார்கள். 1890களில் இத்தாலிய மருத்துவர் பார்த்தலோமியோ கோசியோ, ஆர்சனிக் கலந்த உருளைக்கிழங்குக் கூழில் பூஞ்சை வளர்த்து, அந்த வாயுவை உண்டாக்குவது பூஞ்சைதான் என்று காட்டினார். அந்த வாயு இன்னதென்று துலங்குவதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

அதைத் துலக்கியவர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்த ஃபிரெட்ரிக் சேலஞ்சர். ரொட்டித்தூளில் பூஞ்சையை வளர்த்து, அதன்மேல் தூய காற்றை மெல்லச் செலுத்தி, வெளிவரும் ஆவியைப் பாதரசக் கரைசலில் பிடித்துப் படிகமாக்கிப் பார்ப்பது அவர் முறை. 1930களின் தொடக்கத்தில் சுவர்த்தாள் வாயு டிரைமெதில் ஆர்சின் என்று நிறுவினார். அடுத்து ஆர்சனிக்குக்குப் பதிலாகச் செலினியத்தின் உப்புகளை ரொட்டித்தூளில் கலந்தார். நார்த் என்ற உடனாய்வாளருடன் சேர்ந்து 1934இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தப் பூஞ்சை வெளிவிடுவது டைமெதில் செலினைடு என்று அறிவித்தார். ஹோஃப்மைஸ்டர் ஊகித்தது உறுதியாயிற்று. பூஞ்சை செய்யும் வேலையைப் பாலூட்டியின் உடலும் செய்கிறது என்பதை 1952இல் மெக்கானலும் போர்ட்மனும் கதிரியக்கச் செலினியத்தை எலிகளுக்குச் செலுத்திக் காட்டினார்கள். எலிகளின் மூச்சில் வந்தது அதே பொருள்தான்.

*

ஏன் இந்த வேலை? இதற்கு விடை காணச் செலினியம் நஞ்சாக வாழும் நிலங்களுக்குப் போகவேண்டும்.

1856இல் அமெரிக்காவின் மிசௌரி நதிக்கரையிலிருந்த ஃபோர்ட் ராண்டால் என்ற படைத்தளத்தில் குதிரைகள் விசித்திரமான நோய்க்கு ஆளாயின. பிடரியிலும் வாலிலும் மயிர் உதிர்ந்தது. குளம்புகள் வெடித்துக் கழன்றன. அங்கிருந்த படை மருத்துவர் மேடிசன் அதைப் பதிவுசெய்தார். பின்னால் அந்தப் பகுதியில் குடியேறிய விவசாயிகள் உவர்நீரே காரணம் என்று எண்ணி அதைக் கார நோய் என்று அழைத்தார்கள். 1930களின் தொடக்கத்தில்தான் தெற்கு டகோட்டாவில் கர்ட் ஃபிராங்கேயும் அவரோடு இயங்கிய ஆய்வாளர்களும் குற்றவாளி தண்ணீரில் இல்லை, தானியத்தில் இருக்கிறது என்று கண்டார்கள். மண்ணிலிருந்த செலினியம் பயிருக்கு ஏறியிருந்தது.

அதே காலத்தில் வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஆர்வில் பீத் அம்மண்ணில் வளரும் தாவரங்களை ஆராய்ந்தார். அஸ்ட்ராகலஸ் இனத்தின் சில செடிகள் மண்ணிலிருந்து செலினியத்தைத் தேடி உறிஞ்சிச் சேர்த்துக்கொள்கின்றன. அவை செழித்திருக்கும் இடத்தில் மண்ணில் செலினியம் உண்டு என்று துணிந்து சொல்லலாம். அச்செடிகளின் அருகே போனாலே குமட்டும் பூண்டு வாடை வரும். ஆவியாகும் செலினியச் சேர்மங்களே அதற்குக் காரணம். நிலம் தன்னுள் இருப்பதை வாடையால் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு ஆள் வந்துசேர எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

மனிதர்களும் தப்பவில்லை. சீனாவின் ஹூபெய் மாகாணத்து என்ஷி பகுதியில் 1961 முதல் 1964 வரை மிகக் கடுமையான செலினிய நஞ்சேற்றம் பரவியது. மிகுதியும் பாதிக்கப்பட்ட ஐந்து கிராமங்களின் 248 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயுற்றார்கள். முடியும் நகங்களும் உதிர்ந்தன. சிலருக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டன. வறட்சியால் நெல் பொய்த்து, செலினியம் மிகுந்த மண்ணில் விளைந்த மக்காச்சோளத்தையும் காய்கறிகளையும் நம்பி மக்கள் வாழ நேர்ந்த காலம் அது. அப்பகுதியின் கல் நிலக்கரியிலிருந்து செலினியம் மண்ணுக்கு இறங்கியிருந்தது. நம் நாட்டிலும் பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் மாவட்டங்களில் செலினியம் மிகுந்த வயல்களும் அதனால் வருந்திய கால்நடைகளும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன.

இவ்வளவும் படித்த பிறகு செலினியத்தை வெறும் நஞ்சு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் 1957இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்களில் கிளாஸ் ஷ்வார்ட்ஸும் கால்வின் ஃபோல்ட்ஸும் வெளியிட்ட கண்டுபிடிப்பு நிலைமையைத் தலைகீழாக்கியது. குறிப்பிட்ட உணவில் வளர்ந்த எலிகளின் ஈரல் அழுகுவதைத் தடுக்கும் மர்மப் பொருளை ஷ்வார்ட்ஸ் பல ஆண்டுகளாகத் தேடிவந்தார். அந்தப் பொருளின் செறிவைக் காரத்தோடு சூடாக்கியபோது எழுந்த பூண்டு வாடையே துப்பாக அமைந்தது என்று அத்துறையின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். மர்மப் பொருளில் இருந்தது செலினியம். கால்நடைகளைக் கொன்ற அதே தனிமம், நுண்ணளவில் உயிருக்கு இன்றியமையாதது என்று தெரியவந்தது.

சீனாவே இதற்கும் சாட்சி. அந்நாட்டின் வடகிழக்கில் கெஷான் என்னுமிடத்தின் பெயரால் அழைக்கப்படும் இதயத்தசை நோய், செலினியம் மிகக் குறைந்த மண்ணில் வாழும் குழந்தைகளையும் இளம்பெண்களையும் கொன்றுவந்தது. 1974 முதல் குழந்தைகளுக்குச் சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது நோய் வெகுவாகக் குறைந்தது. ஒரே நாட்டில் ஒரு மூலையில் செலினியம் மிகுந்து நகம் உதிர்ந்தது. இன்னொரு மூலையில் செலினியம் இல்லாமல் இதயம் நின்றது. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் போதும் என்பதும், 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் அமெரிக்க வல்லுநர் குழு 2000ஆம் ஆண்டில் வகுத்த அளவு. இரண்டுக்கும் நடுவே எட்டு மடங்கு இடைவெளிகூட இல்லை. உப்பை எட்டு மடங்கு கூட்டினால் உணவு கெடும். செலினியத்தை எட்டு மடங்கு கூட்டினால் உடல் கெடும்.

இத்தனை ஒடுங்கிய பாதையில் நடக்கும் உடலுக்கு, மிகுந்துபோனதை வெளியே தள்ளும் வழி வேண்டும். அந்த வழிகளுள் ஒன்றுதான் பூண்டு வாடை.

சோடியம் செலினைட் வெண்ணிறத் தூள். அதற்கு மணம் இல்லை. அதோடு ஒப்பிட்டால் டைமெதில் செலினைடின் நச்சுத்தன்மை பல நூறு மடங்கு குறைவு என்பதை விலங்குச் சோதனைகள் காட்டின. அதாவது கொல்லும் பொருள் மணமற்றிருக்கிறது. உடல் அதை எடுத்து, படிப்படியாக மாற்றி, மெத்தில் தொகுதிகளைச் சூட்டி, கொல்லும் வலிமையைப் பெரிதும் பறித்த பிறகே அதற்கு வாடை வருகிறது. செலினியம் அளவோடு இருக்கும்போது உடல் இந்த வழியைப் பெரிதாக நாடுவதில்லை. அப்போது செலினியத்தை ஒரு சர்க்கரையோடு பிணைத்துச் சிறுநீரில் ஓசையின்றி அனுப்பிவிடுகிறது என்பது 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் தெளிவாயிற்று. அளவு மீறும்போதுதான் மூச்சின் கதவு அகலத் திறக்கிறது. செலினியம் புழங்கும் ஆலைகளில் தொழிலாளியின் மூச்சில் பூண்டு மணந்தால் மருத்துவர் அதை நோய்க்குறியாகக் கொள்வது இதனால்தான். குறி என்ற அளவில் அது சரியே. ஆனால் அந்த மூச்சு நோயை மட்டும் சொல்வதில்லை. உடல் தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. பக்கத்தில் நிற்பவர் முகத்தைச் சுளிக்கும்போது உள்ளே ஒரு போர் நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பூண்டு தின்றவரின் மூச்சை அமெரிக்க வேதியியலாளர் எரிக் பிளாக்கும் அவருடைய குழுவினரும் 1990களில் நுண்கருவிகளால் ஆராய்ந்தபோது, கந்தகச் சேர்மங்களுக்கு நடுவே மிகச் சிறிய அளவில் டைமெதில் செலினைடும் இருந்தது. பூண்டு மண்ணிலிருந்து சிறிதளவு செலினியத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஆக, பூண்டுபோல் மணக்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட பொருள், உண்மையான பூண்டு வாடையிலும் ஒரு துளியாக இருந்திருக்கிறது.

*

செலினியச் சேர்மங்கள் மனிதனுக்குப் பயன்பட்ட விதங்களை இங்கே சுருக்கமாகவாவது சொல்லவேண்டும். 1970களில் பாரி ஷார்ப்லெஸ், ஹான்ஸ் ரைக் முதலியோர் செலினியத்தைக் கருவியாக வைத்துக் கரிம மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்பை மென்மையாக உருவாக்கும் முறையை வளர்த்தார்கள். வாடையைச் சகித்துக்கொண்ட ஆய்வுக்கூடங்களுக்கு அது அரிய கருவியாயிற்று. 1980இல் டென்மார்க்கின் கிளாஸ் பெக்கார்டும் பிரான்சின் டெனி ஜெரோமும் அவர்களுடைய குழுவினரும் முதல் கரிம மீக்கடத்தியை அறிவித்தார்கள். 12,000 வளிமண்டல அழுத்தத்தில், தனிப்பூஜ்ஜியத்தை ஒட்டிய 0.9 கெல்வினில் மின்தடையை முற்றாக இழந்த அந்தப் படிகத்தின் மூலக்கூறில் நான்கு செலினிய அணுக்கள் இருந்தன. டைமெதில் செலினைடு எளிதில் ஆவியாகும் என்பதால், துத்தநாக செலினைடு என்ற குறைகடத்தியை ஆவியிலிருந்து மெல்லிய படலமாகப் படியவைக்கும் தொழில்நுட்பத்தில் அது செலினியம் தரும் மூலப்பொருளாகப் பயன்பட்டது. மூக்குக்குத் தொல்லையான ஆவித்தன்மையே அங்கே தகுதியாயிற்று.

ஆனால் அதன் ஆகப் பெரிய பயன்பாடு ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, ஒரு பேரழிவின் பின்விளைவாக வந்தது.

கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதி மண்ணில் செலினியம் உண்டு. அங்கே பெரும் பாசனத் திட்டங்கள் வந்தபோது, வயலில் தேங்கும் உவர்நீரை வடித்து வெளியேற்ற ஒரு கால்வாய் வெட்டினார்கள். கடல்வரை போகவேண்டிய அக்கால்வாய் பணத்தாலும் எதிர்ப்பாலும் நடுவழியில் நின்றது. நின்ற இடத்தில் 12 குளங்களை அமைத்து அதற்குக் கெஸ்டர்சன் நீர்த்தேக்கம் என்று பெயரிட்டுப் பறவைச் சரணாலயமாகவும் ஆக்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் குளங்களுக்கு வந்தது ஏறத்தாழ முழுவதும் வயல் வடிநீரே. நீர் ஆவியாயிற்று, செலினியம் தங்கியது. பாசியிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் அது செறிந்து ஏறியது. 1983இல் ஹாரி ஓலண்டார்ஃபும் அவருடைய கூட்டாளிகளும் கூடுகளை ஆராய்ந்தபோது கண்ணில்லாத, அலகு திருகிய, கால்களற்ற குஞ்சுகளைக் கண்டார்கள். முட்டைகள் பொரியாமலே இறந்திருந்தன. பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடம் பறவைகளுக்குப் பொறியாகியிருந்தது. அந்தக் குளங்களில் நாற்றம் ஏதும் எச்சரிக்கவில்லை. 1986இல் கால்வாய் அடைக்கப்பட்டது. 1988இல் தாழ்வான பகுதிகள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன.

மண்ணில் தங்கிய செலினியத்தை என்ன செய்வது? அள்ளி வேறிடத்தில் கொட்டுவது சிக்கலை இடம் மாற்றுவதாகவே இருக்கும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபிராங்கன்பெர்கரும் உல்ரிக் கார்ல்சனும் சேலஞ்சரின் பழைய ரொட்டித்தூளை நினைவுகூர்ந்தார்கள் எனலாம். அந்த மண்ணிலேயே செலினியத்தை டைமெதில் செலினைடாக மாற்றும் பூஞ்சைகள் இருந்தன. அவற்றுக்கு இரை கொடுத்தால் போதும். மண்ணை உழுது, ஈரமாக்கி, ஆரஞ்சுத் தோல், பால்புரதம் போன்றவற்றைக் கலந்தபோது செலினியம் வாயுவாகி வெளியேறும் வேகம் கூடியது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்த சோதனைப் பாத்திகளில் மேல்மண்ணின் செலினியத்தில் பெரும்பகுதி நீங்கியிருந்தது. எந்த வாடை ஆய்வுக்கூடங்களிலிருந்து துரத்தப்பட்டதோ அந்த வாடையை நிலத்திலிருந்து வரவழைக்க மனிதர்கள் பாடுபட்டார்கள்.

பெர்க்லி வளாகத்தின் நார்மன் டெர்ரியும், வேளாண் துறையின் கேரி பன்யுவெலோஸும் தாவரங்களின் பக்கம் திரும்பினார்கள். செலினியத்தை எடுத்துக்கொள்வதிலும் ஆவியாக்குவதிலும் சிறந்த பயிர்களுள் ஒன்றாக அவர்களுடைய சோதனைகளில் தேறியது இந்தியக் கடுகு. நம் வீட்டுத் தாளிப்பில் வெடிக்கும் அதே இனம்தான். கந்தகத்தை விரும்பி எடுத்துத் தன் காரத்தை உண்டாக்கும் செடி அது. கந்தகத்தின் உடன்பிறப்பான செலினியத்தையும் வேறுபாடு அறியாமல் உள்ளே விட்டுவிடுகிறது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் கழிவுநீரைச் செயற்கைச் சதுப்பு நிலத்தின் வழியே விட்டபோது அதிலிருந்த செலினியத்தில் 89 சதவீதம் நீங்கியது. அதில் 10 முதல் 30 சதவீதம்வரை வாயுவாக வெளியேறியிருக்கக்கூடும் என்று 1998இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எஞ்சியது சேற்றிலும் வேரிலும் தங்கியது.

*

இதை முழு வெற்றிக் கதையாக எழுதி முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. டைமெதில் செலினைடு காற்றில் ஏறியதும் செலினியம் அழிந்துவிடுவதில்லை. தனிமம் எங்கும் போகாது. காற்றில் சில மணி நேரத்தில் அது சிதைந்து வேறு வடிவெடுக்கிறது. தூசியோடும் மழையோடும் எங்கோ இறங்குகிறது. இறங்குமிடம் செலினியம் வறண்ட நிலமாக இருந்தால் அது வரம். கடற்பாசிகளும் சதுப்புகளும் காடுகளும் காலங்காலமாக இதே வாயுவை வெளிவிட்டு வருகின்றன. கடலிலிருந்து எழுந்து நிலத்தில் பொழியும் செலினியமே சில பகுதிகளின் பயிருக்கும் அதை உண்பவருக்கும் கிடைக்கும் பங்கு. ஆனால் நாம் நம் வயல்களின் கழிவைத் தெரிந்தே காற்றிடம் ஒப்படைக்கும்போது, பெறுபவர் யாரென்று கேட்காமல் அனுப்புகிறோம் என்ற உறுத்தல் எஞ்சுகிறது. நஞ்சு குறைந்தது என்பதும் எல்லா நிலைமைக்கும் பொருந்தாது. பாதரசம் ஏறிய உடலில் டைமெதில் செலினைடு சிறிதளவே சேர்ந்தாலும் ஆபத்தாகும் என்பதைச் செக்கோஸ்லோவாக்கிய ஆய்வாளர்கள் எலிகளில் கண்டிருக்கிறார்கள்.

ஆயினும் இந்த வரலாறு முழுவதிலும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஃபோர்ட் ராண்டாலின் தானியத்துக்கும், என்ஷியின் மக்காச்சோளத்துக்கும், கெஸ்டர்சன் குளத்துநீருக்கும் வாடை இல்லை. கேடு அங்கேதான் இருந்தது. பூஞ்சையும் செடியும் எலியும் மனிதனும் அந்தக் கேட்டை வெளியேற்றும்போதுதான் பூண்டு மணந்தது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்ட இடங்களிலெல்லாம் ஏதோ ஓர் உயிர் தன்னை மீட்டுக்கொள்ள முயன்றுகொண்டிருந்தது.

பெர்சீலியஸ் தன் தனிமத்துக்கு நிலவின் பெயரை வைத்தது டெலூரியத்துக்கு இணையாக இருக்கட்டும் என்றுதான். நிலமும் நிலவும் என்ற இணை அவருக்குப் பிடித்திருந்தது. தான் பெயரிட்ட பொருள் உண்மையிலேயே மண்ணிலிருந்து எழுந்து வானேறி, மீண்டும் மண்ணுக்கு இறங்கிவரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அது அப்படி எழும்போது அதற்கு ஒரு மணம் உண்டு. பழந்தமிழ்ப் புலவன் ஒருவன் அதற்கும் நாற்றம் என்றே பெயர் சொல்லியிருப்பான். அச்சொல்லில் அவன் நல்லதென்றும் கெட்டதென்றும் பிரித்திருக்க வேண்டிய தேவையில்லை.